திரைக்கு அப்பால் பேசுவது யார்?



பிறந்த மண்ணை விட்டு வெளியே வாழும் தமிழருக்குக் காலப்போக்கில் ஒரு தனித் திறமை வாய்த்துவிடுகின்றது. மாதுங்கா ரயில் நிலையப் படிகளிலோ, கரோல்பாக் கடைவீதியிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலோ முதுகுக்குப் பின்னால் நான்கு தமிழ்ச் சொற்கள் காதில் விழுந்தால் போதும். பேசியவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்குமுன்னரே, அவர் நெல்லைச் சீமையினரா, கொங்கு நாட்டவரா, காவிரிக் கரையினரா என்று கூறிவிடுவோம். உடை நமக்குச் சான்று அன்று. செய்யும் தொழிலும் சான்று அன்று. பேச்சு ஒன்றே சான்று. அந்தச் சான்றை நம்பியே புதியவரிடம் நெருங்குகிறோம், வீட்டுக்கு அழைக்கிறோம், சில வேளைகளில் கைமாற்றும் கொடுக்கிறோம்.

இந்தச் சோதனையை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்வோம். திரைக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். அவர் முகம் தெரியாது, குரலும் கேட்காது. நாம் எழுத்தில் கேட்கும் வினாக்களுக்கு எழுத்திலேயே விடை வருகின்றது. அந்த விடைகளை மட்டும் கொண்டு, அவர் எந்த ஊரினர் என்பதை அன்று, அவர் மனிதர்தாமா அல்லது மனிதரைப் போல் எழுதும் பொறியா என்பதையே நாம் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டைப் போட்டியாக நடத்தி, அத்தகைய பொறிகளைச் செய்தவர்களுக்குப் பதக்கமும் பணமும் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் வழங்கி வந்தார்கள். அந்தப் போட்டிகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அவர் 1912 ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். ஆயினும் அவர் குடும்பத்தின் கதை நம் நாட்டோடு பின்னிக் கிடக்கின்றது. அவருடைய தாயார் எத்தல் சாரா ஸ்டோனி 1881இல் பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் சென்னை ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் பணியின் பொருட்டு இங்கே இருக்க, ஆலனும் அவர் தமையனும் இங்கிலாந்தில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர். பெற்றோர் ஓரிடத்திலும் பிள்ளைகள் ஓரிடத்திலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்களின் நிலையை இந்நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1950 அக்டோபரில் 'மைண்ட்' என்னும் தத்துவ ஏட்டில் டூரிங் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'பொறி சிந்திக்குமா?' என்பது அதில் அவர் எடுத்துக்கொண்ட வினா. சிந்தனை என்றால் என்ன என்று வரையறுக்கப் புகுந்தால் அந்தச் சொற்போர் முடிவே பெறாது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே அந்த வினாவை ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு விளையாட்டை வைத்தார். ஓர் அறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கின்றனர். மற்றோர் அறையில் இருப்பவர் எழுத்து மூலம் வினவி, இருவருள் யார் ஆண், யார் பெண் என்று கண்டறிய வேண்டும். குரல் காட்டிக் கொடுத்துவிடும் ஆதலின், வினாவும் விடையும் டெலிபிரிண்டர் வழியே செல்வது நன்று. இப்பொழுது அந்த ஆணின் இடத்தில் ஒரு கணிப்பொறியை அமர்த்தினால், வினவுபவர் முன்போலவே ஏமாறுவாரா? இதுதான் டூரிங் முன்வைத்த சோதனை.

அவர் ஓர் எதிர்காலக் கணிப்பையும் கூறினார். ஏறத்தாழ 50 ஆண்டுகளில், ஐந்து நிமிடம் வினவிய பிறகு சராசரி மனிதர் ஒருவர் சரியாகக் கண்டறியும் வாய்ப்பு 100க்கு 70ஐத் தாண்டாத அளவுக்குப் பொறிகள் இவ்விளையாட்டில் தேறிவிடும் என்றார். பிற்காலத்தார் இதைத் திருப்பிப் போட்டு, 100க்கு 30 பேரை ஏமாற்றினால் பொறி வென்றது என்று கொண்டனர்.

அந்தக் கட்டுரையில் ஒரு சிறு கூட்டல் கணக்கு வருகின்றது. 34957ஐயும் 70764ஐயும் கூட்டும்படி வினவுபவர் கேட்கிறார். அரை நிமிடம் கழித்து, 105621 என்று விடை வருகின்றது. நேயர்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சரியான விடை 105721 என்பது விளங்கும். கணிப்பொறி கூட்டலில் தவறுமா? தவறாது. ஆனால் மனிதனைப் போல் தோன்ற விரும்பும் பொறி, வேண்டுமென்றே காலம் தாழ்த்தவும் வேண்டுமென்றே தவறு செய்யவும் வேண்டியிருக்கும் என்று டூரிங் அதே கட்டுரையில் விளக்குகிறார். இந்தச் சிறு கணக்கை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் நடந்த போட்டிகளின் போக்கு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கின்றது. டூரிங் அவற்றுள் ஒன்றையும் காணவில்லை. 1954 ஜூன் 7ஆம் நாள், தம் 41ஆம் வயதில், அவர் மறைந்தார்.

உரையாடும் பொறி முதன்முதலில் உருவானது அமெரிக்காவில். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், எலைசா என்னும் நிரலை உருவாக்கி 1966இல் அதைப் பற்றி எழுதினார். அது ஒரு மனநல மருத்துவரைப் போல் உரையாடும். அதன் உள்ளமைப்பு மிக எளியது. எதிரில் இருப்பவர் எழுதும் வாக்கியத்தில் சில முக்கியச் சொற்களைத் தேடும்; 'என்' என்பதை 'உங்கள்' என்று மாற்றும்; அதையே கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கும். 'என் தாயை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால், 'உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள்' என்னும் பாங்கில் விடை வரும். முக்கியச் சொல் ஒன்றும் அகப்படாவிட்டால், 'சொல்லுங்கள், கேட்கிறேன்' என்பது போன்ற பொதுவான சொற்றொடர் ஒன்றை எடுத்துவிடும். நம் ஊர்க் குறிசொல்பவர் 'உன் மனத்தில் ஒரு குறை இருக்கிறது' என்று தொடங்குவதில்லையா? குறையில்லாத மனம் ஏது? மிச்சத்தைக் கேட்பவரே சொல்லி முடித்துவிடுவார். எலைசாவின் வித்தையும் அத்தகையதே.

வைசன்பாம் திடுக்கிட்டது தம் பொறியின் திறமையைக் கண்டு அன்று. மக்களின் நடத்தையைக் கண்டு. அவருடைய செயலாளராகப் பணியாற்றிய பெண்மணி, அந்த நிரல் உருவான மாதங்களையெல்லாம் உடனிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், அதனோடு சில வாக்கியங்கள் உரையாடிய பிறகு, தாம் தனிமையில் பேச வேண்டும் என்று சொல்லி வைசன்பாமையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். இந்த நிகழ்ச்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. 1976இல் அவர் எழுதிய நூல், கணிப்பொறியிடம் எந்தெந்தப் பணிகளை ஒப்படைக்கலாகாது என்று எச்சரிக்கும் நூலாக அமைந்தது.

தோற்பாவைக் கூத்தில் நல்லதங்காள் தன் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் கட்டத்தில் கண்ணீர் விடாத தாய்மார் உண்டோ? ஆடுவது தோல் என்பதும், பேசுவது திரைக்குப் பின்னால் இருக்கும் கூத்தர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அழுகிறோம். பேசுவது எதுவாயினும் அதற்கு உள்ளம் ஒன்று இருப்பதாகக் கொள்வது மனித இயல்பு. பொறிகளின் வெற்றிக்கு மூலதனம் இந்த இயல்புதான்.

1972இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர் கென்னத் கோல்பி, பாரி என்னும் மற்றொரு பொறியை அறிமுகப்படுத்தினார். எலைசா மருத்துவரைப் போல் பேசியது. பாரியோ எல்லோரையும் சந்தேகிக்கும் மனநோயாளியைப் போல் பேசியது. அது எழுதியவற்றையும் உண்மையான நோயாளிகள் கூறியவற்றையும் மனநல மருத்துவர்கள் படித்துப் பார்த்தபோது, 100க்கு 48 முறையே சரியாக இனம் கண்டனர். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் இவ்வளவு தேறும். இதன் சூட்சுமம் எளிதில் விளங்குவதே. சந்தேகப் பிராணி வினாவுக்கு நேரான விடை தர வேண்டியதில்லை. பேச்சை மாற்றலாம், சினந்து கொள்ளலாம், வாயை மூடிக்கொள்ளலாம். பொறியின் அறியாமை நோயின் அறிகுறியாக எண்ணப்பட்டது.

இந்த ஆராய்ச்சிகளைப் போட்டி அரங்குக்குக் கொண்டுவந்தவர் ஹ்யூ லோப்னர் என்னும் அமெரிக்கர். சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்ற இவர், இடம் விட்டு இடம் எடுத்துச் செல்லக்கூடிய பிளாஸ்டிக் நடன மேடைகளைச் செய்து விற்ற வணிகர். மனிதன் உடல் வருந்தி உழைக்க வேண்டாத ஒரு காலம் வர வேண்டும் என்பது அவர் கனவு. ராபர்ட் எப்ஸ்டீன் என்னும் உளவியல் அறிஞருடன் சேர்ந்து அவர் ஏற்படுத்திய பரிசு, லோப்னர் பரிசு எனப்பட்டது. மனிதரிடமிருந்து பிரித்தறிய முடியாத பொறிக்கு 1,00,000 டாலரும் தங்கப் பதக்கமும் என்று அவர் அறிவித்தார். எழுத்து உரையாடலில் மட்டும் அந்நிலையை எட்டும் பொறிக்கு வெள்ளிப் பதக்கமும் 25,000 டாலரும் என்று பின்னர் வகுக்கப்பட்டது. இவ்விரண்டும் கிட்டாத ஆண்டுகளில், வந்தவற்றுள் மிகவும் மனிதத்தன்மை வாய்ந்ததற்கு வெண்கலப் பதக்கமும் ஒரு சிறு தொகையும் வழங்கப்படும்.

முதற் போட்டி 1991 நவம்பர் 8ஆம் நாள் பாஸ்டன் நகரத்துக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் நடந்தது. நடுவர் பதின்மர் திரைகளின் முன் அமர்ந்தனர். சில திரைகளுக்கு அப்பால் பொறிகள்; சிலவற்றுக்கு அப்பால் மனிதர். பொறிகளுக்குச் சுமை குறைய வேண்டுமென்று ஒவ்வொரு திரைக்கும் ஒரே ஒரு பேசுபொருள் வரையறுக்கப்பட்டிருந்தது. ஜோசப் வைன்ட்ராப் என்பவர் உருவாக்கிய பொறி வென்றது. அது தேர்ந்துகொண்ட பொருள் வேடிக்கைப் பேச்சு. வேடிக்கைப் பேச்சில் முன்னுக்குப்பின் பொருத்தம் வேண்டியதில்லை அல்லவா? அது மனிதர் செய்யும் தட்டச்சுப் பிழைகளையும் செய்து காட்டியது. நடுவர் பதின்மருள் ஐவர் அதை மனிதர் என்றே நம்பினர்.

அதே அரங்கில் மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. ஒரு திரைக்கு அப்பால் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆழக் கற்ற ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். வினவியவற்றுக்கெல்லாம் தயங்காமல் நிறைவான விடை தந்தார். நடுவர் மூவர் அவரைப் பொறி என்று தீர்ப்பளித்துவிட்டனர். இவ்வளவு செய்தியை எந்த மனிதரும் மனத்தில் வைத்திருக்க முடியாது என்பது அவர்களுள் ஒருவர் காட்டிய காரணம்! உளறிய பொறி மனிதராயிற்று. கற்ற பெண்மணி பொறியானார். போட்டி அளந்தது பொறியின் அறிவையா, மனிதரைப் பற்றி நடுவர் கொண்டிருந்த எண்ணத்தையா என்று அன்றே கேட்டிருக்கலாம்.

கேட்டவர்களும் உண்டு. கணிப்பொறி அறிஞர் ஸ்டூவர்ட் ஷீபர் 1994இல் கடுமையான திறனாய்வு ஒன்றை வெளியிட்டார். பரிசுக்கும் ஒரு பருவம் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். மனிதன் தன் தசை வலியாலேயே பறக்கும் விமானத்துக்கு 1959இல் கிரெமர் என்பவர் பரிசு அறிவித்தார். 1977இல் அது வெல்லப்பட்டது. அத்தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தமையால் பரிசு பயன் தந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் அப்படி ஒரு பரிசு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரும் பறந்திருக்க மாட்டார்கள். காலில் சுருள்வில்லைக் கட்டிக்கொண்டு யார் உயரக் குதிப்பது என்பதில்தான் போட்டியிட்டிருப்பார்கள். லோப்னர் பரிசும் அத்தகைய குதித்தலையே வளர்க்கின்றது என்றார் ஷீபர்.

செயற்கை அறிவுத் துறையின் முன்னோடியாகிய மார்வின் மின்ஸ்கி அதற்கும் ஒரு படி மேலே போனார். இந்தப் போட்டியை நிறுத்திவிடுமாறு லோப்னரை இணங்கச் செய்பவருக்குத் தாம் 100 டாலர் தருவதாக 1995இல் அறிவித்தார். லோப்னர் கோபம் கொள்ளவில்லை. 'தங்கப் பதக்கத்தை ஒருவர் வென்றதும் போட்டி நின்றுவிடும் என்பது என் விதி. ஆகவே வெல்பவருக்கு மின்ஸ்கியின் 100 டாலரும் சேரும். அவரும் இப்பரிசின் புரவலர் ஆகிவிட்டார்' என்னும் பொருள்பட விடையிறுத்தார். அறிஞர் வட்டாரம் நெடுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது.

அந்த 1995ஆம் ஆண்டிலேயே பேசுபொருள் வரையறை நீக்கப்பட்டது. நடுவர் எதையும் கேட்கலாம் என்று ஆயிற்று. இணையம் பரவத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். அதுவரை ஆய்வுக்கூடத்தில் அடைபட்டுக் கிடந்த உரையாடும் பொறி, உலகில் எவரும் எந்நேரமும் பேசிப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாறியது. ரிச்சர்ட் வாலஸ் என்பவர் ஆலிஸ் என்னும் பொறியை உருவாக்கி, அதன் நிரலையும் விதிகளை எழுதும் முறையையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். இன்ன வினா வந்தால் இன்ன விடை தருக என்று ஆயிரக்கணக்கான இணைகளை எழுதிச் சேர்ப்பதே அதன் முறை. ஆலிஸ் 2000, 2001, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெண்கலப் பதக்கம் பெற்றது. ராலோ கார்ப்பென்ட்டரின் பொறி வேறு வழியில் சென்றது. 1997 முதல் இணையத்தில் தன்னோடு பேச வந்தவர்களின் சொற்களையே சேர்த்துவைத்து, அவற்றைப் பிறரிடம் திருப்பிச் சொல்லிப் பேசப் பழகியது. அதன் இரு வடிவங்கள் 2005இலும் 2006இலும் வென்றன.

முழுவதும் இணையத்திலேயே நடந்த போட்டிகளும் தோன்றின. 2001இல் தொடங்கிய சாட்டர்பாக்ஸ் சேலஞ்ச் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதில் கலந்துகொள்ள ஒருவர் பாஸ்டனுக்கோ லண்டனுக்கோ பயணம் செய்ய வேண்டியதில்லை. தம் பொறியை இணையத்தில் ஏற்றிவிட்டால், நடுவர்கள் தத்தம் இடத்திலிருந்தே அதனோடு உரையாடி மதிப்பெண் இடுவர். பல்கலைக்கழகத்துப் பெரியோர் இப்போட்டிகளைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆனால் பகலில் வேறு தொழில் செய்து, இரவில் தம் பொறிக்கு ஒவ்வொரு விடையாக எழுதிக் கொடுத்த ஆர்வலர் பலருக்கு அவை ஊக்கம் அளித்தன. அவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் வோர்ஸ்விக். அவருடைய மிட்சுக்கு என்னும் பொறி 2013இலும், பின்னர் 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும், ஆக ஐந்து முறை லோப்னர் வெண்கலத்தை வென்றது. அதன் விதிகளை ஆண்டுக்கணக்கில் கையால் எழுதிச் சேர்த்த அந்த உழைப்பை எள்ளி நகையாடுதல் தகாது.

ஆயினும் எழுதிச் சேர்த்த விடை எப்படியும் ஒருநாள் தீர்ந்துபோகும். தீர்ந்த இடத்தில் என்ன செய்வது? பழைய பாரியின் வழிதான். 2008இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த போட்டியில் எல்பாட் என்னும் பொறி நடுவர் பன்னிருவருள் மூவரை ஏமாற்றியது. இன்னும் ஒருவர் ஏமாந்திருந்தால் டூரிங்கின் அளவைத் தாண்டியிருக்கும். 2014 ஜூன் 7ஆம் நாள், டூரிங் மறைந்த 60ஆம் ஆண்டு நிறைவில், லண்டன் ராயல் சொசைட்டியில் அதே பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையில் யூஜின் கூஸ்ட்மன் என்னும் பொறி நடுவருள் 100க்கு 33 பேரை ஏமாற்றியது. 'டூரிங் சோதனை வெல்லப்பட்டது' என்று உலகச் செய்தித்தாள்கள் முழங்கின. ஆனால் அந்தப் பொறி பூண்டிருந்த வேடம் யாது? உக்ரைன் நாட்டின் ஒடெசா நகரத்துப் பதின்மூன்று வயதுச் சிறுவன். ஆங்கிலம் அவனுக்குத் தாய்மொழி அன்று. அவன் ஒன்றை அறியாவிட்டால் சிறுவன்தானே என்போம்; சொல் பிழைத்தால் அயல்மொழிதானே என்போம். எலைசாவின் கேள்வி, பாரியின் சினம், வைன்ட்ராபின் வேடிக்கை, கூஸ்ட்மனின் சிறுபிள்ளைத்தனம் என எல்லாம் ஒரே ஓட்டையை மூடும் வெவ்வேறு திரைச் சீலைகளே.

லோப்னர் 2016 டிசம்பரில் காலமானார். இரண்டாம் உலகப் போரில் டூரிங் பகைவரின் சங்கேதச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க்கில் 2014 முதல் நடந்துவந்த போட்டி, 2019இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் கடைசி முறையாக நடந்தது. தங்கமும் வெள்ளியும் எவருக்கும் வழங்கப்படாமலே பரிசு முடிவுற்றது.

அதே 2019 ஜூலை முதல் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருளை விற்பதற்கோ வாக்கைத் திருப்புவதற்கோ, இணையத்தில் தன்னை மனிதர் என்று நம்பவைக்கும் பொறியைப் பயன்படுத்தலாகாது என்பது அச்சட்டம். போட்டி முடிந்ததற்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. இருப்பினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய மாற்றம் புலனாகின்றது. 1991இல் எந்தத் திறமைக்குப் பதக்கம் தந்தார்களோ, 28 ஆண்டுகள் கழித்து அதே திறமைக்குச் சட்டம் வேலி கட்டியது. அரங்கில் வித்தையாக இருந்தது, அங்காடியில் வஞ்சகமாக மாறிவிடக்கூடும் என்பதை மக்கள் உணரத் தலைப்பட்டனர். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டமும், தன்னோடு பேசுவது பொறி என்பதை மனிதருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கின்றது.

இதற்கிடையில் பொறியின் தன்மையே மாறிவிட்டது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இவ்வகைப் பொறிகளுக்கு யாரும் விடைகளை ஒவ்வொன்றாக எழுதிவைப்பதில்லை. அளவிறந்த நூல்களையும் எழுத்துகளையும் உட்கொண்டு, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் இயல்பு என்பதைக் கணித்து அவை எழுதுகின்றன. 2023இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் இணையத்தில் ஒரு புதிய போட்டிக்களம் அமைத்தனர். ஒரே வினாவுக்குப் பெயர் மறைத்த இரு பொறிகள் விடை தரும். எது நன்று என்று படிப்பவர் வாக்களிப்பார். சதுரங்க வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் முறையைப் பின்பற்றிப் பொறிகளுக்கு இடம் வகுக்கப்படும். இங்கே 'மனிதரா, பொறியா' என்னும் கேள்வியே இல்லை. இரண்டும் பொறி என்பது யாவரும் அறிந்தது. ஆனால் இங்கும் பழைய குறை தலைகாட்டாமல் இல்லை. நீண்டு அழகாக அடுக்கப்பட்ட விடைக்கே வாக்கு மிகுதியாக விழக் கண்டு, அந்தக் கவர்ச்சியைக் கழித்துக் கணக்கிடும் முறையை 2024இல் சேர்க்க வேண்டியதாயிற்று.

டூரிங்கின் பழைய விளையாட்டையும் சிலர் மீண்டும் ஆடிப் பார்த்தனர். சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2025இல் வெளியிட்ட முடிவுகள் நம் சிந்தனைக்கு உரியவை. வினவுபவர் ஒரே நேரத்தில் ஒரு மனிதரோடும் ஒரு பொறியோடும் ஐந்து நிமிடம் உரையாடி, மனிதர் யார் என்று சொல்ல வேண்டும். ஜிபிடி-4.5 என்னும் பொறி, நாணமுள்ள ஓர் இளைஞரைப் போல் பேசும்படி பணிக்கப்பட்டபோது, 100க்கு 73 முறை அதுவே மனிதர் என்று தீர்ப்பாயிற்று. அருகிலிருந்த உண்மை மனிதரைவிட அது மனிதராகத் தோன்றியது! ஆனால் அதே பொறி அந்த வேடம் இல்லாமல் பேசியபோது இந்த எண்ணிக்கை 36ஆகக் குறைந்தது. இன்னுமொரு வியப்பு: ஒப்பீட்டுக்காகச் சேர்த்த கிழட்டு எலைசா 23 முறை மனிதராகக் கொள்ளப்பட்டது, அளவிறந்த செய்திகளைக் கற்ற ஜிபிடி-4ஓ என்னும் பொறி, வேடமின்றி 21 முறையே தேறியது. அறிவு வளர்ந்ததால் மட்டும் பொறி மனிதராகத் தோன்றிவிடவில்லை. வேடம் பொருந்தியபோதே தோன்றியது. 1950இல் டூரிங் போட்டுக் காட்டிய அந்தத் தவறான கூட்டல் கணக்கு, 75 ஆண்டுகள் கழித்தும் செல்லுபடியாகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? இப்போட்டிகளெல்லாம் பொறியைச் சோதிப்பதாக எண்ணி நம்மையே சோதித்து வந்தன. எதை நாம் மனிதத்தன்மை என்று கொள்கிறோம்? தயக்கம், பிழை, சினம், நாணம், வேடிக்கை ஆகியவற்றை. அவை அனைத்தையும் எழுத்தில் போலியாகச் செய்ய முடியும் என்பது இன்று நிலைநாட்டப்பட்டுவிட்டது. இப்பொறிகள் தமிழிலும் எழுதுகின்றன. நெல்லை வழக்கிலோ கொங்கு வழக்கிலோ எழுதச் சொன்னால் அதற்கும் முனைகின்றன. நான் முதலில் சொன்னேனே, மாதுங்காப் படிகளில் நமக்கு உதவும் அந்தச் செவித்திறன், அது இனித் தனித்து நின்று காக்கப் போதாது.

இதனால் பொறியைக் கண்டு அஞ்சி ஓட வேண்டும் என்று நான் கூறவில்லை. அயல்மொழியில் வந்த அரசு அறிவிப்பைப் புரிந்துகொள்ளவும், பிள்ளைகளின் பாடத்தில் ஐயம் தெளியவும் அது உதவினால், உதவட்டும். கருவியைக் கருவி என்று அறிந்து பயன்படுத்துவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் தனித்திருக்கும் முதிய தாய் தந்தையருக்கு, 'உங்கள் பேரன் பேசுகிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்' என்று ஒரு செய்தி வரும்போது, பேசும் முறையை மட்டும் நம்பலாகாது என்பதை நாம் அவர்களுக்கு இன்றே எடுத்துச் சொல்ல வேண்டும். தனிமையில் பேச்சுத்துணைக்குப் பொறியை நாடும் பிள்ளைக்கும், எதிரில் இருப்பது யார் என்பதை மறவாதிருக்கக் கற்பிக்க வேண்டும். வைசன்பாம் அறையை விட்டு வெளியேறிய அன்று அவரை வாட்டிய கவலையும் இதுவே.

நம் பெரியவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. அயலூரில் தமிழ் பேசும் புதியவர் ஒருவரைக் கண்டால், அவர் பேச்சிலிருந்து ஊரை ஊகித்த பிறகும், அதோடு விடமாட்டார்கள். 'தம்பி எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?' என்று வாய்விட்டுக் கேட்பார்கள். நகரத்து இளைஞர்களுக்கு அது வீண் துருவலாகத் தோன்றலாம். ஆனால் ஊகத்தை நம்பி நின்றுவிடாமல், எதிரில் இருப்பவர் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளச் செய்யும் நன்முறை அது. உரையாடும் பொறியிடமும் அதைச் செய்வித்தவரிடமும் நாம் அதே கேள்வியைக் கேட்போம். 'நான் பொறி, என்னைச் செய்தவர் இன்னார்' என்று மெய்யாக விடை சொல்லும் பொறியோடு எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளலாம். சொல்ல மறுத்து ஒளியும் பொறி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அதனிடம் நம் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.